பிரெஞ்சு தெரியாத அதிபர்

போன நவம்பரில் சின்னம்மாவோடு அவவின் மகளுடைய பாடசாலைக்குப் போயிருந்தேன். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. சின்னம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் சிக்கல் என்பதால் எனக்கு அங்கே மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம். தங்கச்சிக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு, பிரெஞ்சு இமெர்ஷன். அதாவது வீட்டில் தமிழ், விளையாட்டுத் திடலில் ஆங்கிலம், வகுப்பில் பிரெஞ்சு.

வழக்கமாக வகுப்பு ரீச்சர் மட்டும்தான் இருப்பார். இந்த முறை அதிபரும் வந்து பக்கத்தில் இருந்தார். நல்ல மனுசி. தங்கச்சியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு மெதுவாக, "இவளை ஆங்கிலப் பிரிவுக்கு மாற்றினால் இவளுக்கு இலகுவாக இருக்கும் என்று நினைக்கிறோம்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். சின்னம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, இது வகுப்பு ரீச்சர் நினைக்கிறதோ, இல்லாட்டி இவ நினைக்கிறதோ எண்டு கேள்" என்றா. கேட்டேன். ரீச்சர் மேசையைப் பார்த்தார். "எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான்" என்றார் அதிபர். இவள் பிரெஞ்சு வாசிப்பதை நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா என்று நானாகவே ஒரு கேள்வியைப் போட்டேன் (மொழிபெயர்ப்பாளர் இப்படிச் செய்யக்கூடாதுதான்). அவர் சிரித்துக்கொண்டு, மறைக்காமல் சொன்னார்: தனக்குப் பிரெஞ்சு வராது, ஒன்பதாம் வகுப்போடு விட்டதாம்.

அந்தப் பதிலை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் ஆங்கில உயர்பாடசாலையில் படித்து முடிக்க ஒரேயொரு பிரெஞ்சுப் பாடம் போதும். எல்லாரும் ஒன்பதாம் வகுப்பில் அதை எடுத்துக் கையைக் கழுவிவிடுவார்கள். நானும் அப்படித்தான். ஆனால் நான் இமெர்ஷன் பாடசாலை நடத்தவில்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய டிசம்பரில் கணக்கியல் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அதன் விளைவு இந்தக் கட்டுரை. (பரீட்சையின் விளைவைக் கேட்காதீர்கள் :-))

முதலில் இமெர்ஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு. பிரெஞ்சை ஒரு பாடமாகப் படிப்பிப்பது அல்ல இது. கணக்கு, விஞ்ஞானம், சமூகக்கல்வி எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே படிப்பித்து, மொழி அதோடு சேர்ந்து வரட்டும் என்று விடுவது. நீந்தப் பழக்க ஆளைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிற மாதிரி. ஒன்ராறியோவில் சாதாரணமாகப் பிரெஞ்சை ஒரு பாடமாகப் படிக்கிற பிள்ளை எட்டாம் வகுப்பு முடிய 600 மணித்தியாலம் படித்திருக்கும். இமெர்ஷன் பிள்ளைக்கு அது குறைந்தது 3800 மணித்தியாலம்.

இதைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல, தாய்மார்கள். மொன்றியலுக்குப் பக்கத்தில் செயின்ற் லாம்பேர் என்ற ஊரில் 1963 இல் சில ஆங்கிலம் பேசும் பெற்றோர் கூடினார்கள். சுற்றிவரப் பிரெஞ்சு, தங்கள் பிள்ளைகளோ வருடக்கணக்காகப் பாடசாலையில் பிரெஞ்சு படித்தும் கடையில் ஒரு வசனம் கதைக்கத் தெரியாமல் நிற்கிறார்கள். முன்னின்றவர்கள் ஒல்கா மெலிக்கொவ், மூரியெல் பார்க்ஸ், வலரி நீல் என்ற மூன்று பெண்கள். மக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் வொலஸ் லாம்பேர்ட்டையும், பெயர்போன மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டையும் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டு, பின்னடித்த கல்விச் சபையை விடாமல் அரித்து, 1965 இல் ஒரு பாலர் வகுப்பைத் தொடங்க வைத்தார்கள். லாம்பேர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை வருடாவருடம் பரிசோதித்து 1972 இல் புத்தகம் போட்டார்கள். எல்லாரும் பயந்தது போல ஆங்கிலம் கெட்டுப்போகவில்லை. பிரெஞ்சில் படித்த கணக்கும் குறையவில்லை. இன்று கியூபெக்குக்கு வெளியே மட்டும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படிப் படிக்கிறார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் இந்த முறை சறுக்குகிறது. அது எங்கே என்று தெரிந்தால்தான் அதிபரின் பிரச்சினையும் விளங்கும்.

1980களில் ரொறன்ரோவில் மெரில் ஸ்வெயின் என்ற ஆய்வாளர் கவனித்தார். இமெர்ஷன் பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டு விளங்குவதிலும் வாசிப்பதிலும் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்ட வந்துவிடுகிறார்கள். கதைப்பதிலும் எழுதுவதிலும் வருவதில்லை. சரளமாகக் கதைப்பார்கள், ஆனால் பிழையாகக் கதைப்பார்கள். அந்தப் பிழை வருடக்கணக்காக அப்படியே உறைந்துபோய் இருக்கும். பிரெஞ்சில் "எனக்குப் பத்து வயது" என்பதற்கு "என்னிடம் பத்து வருடங்கள் உண்டு" என்ற மாதிரி, 'ழே தீஸான்' என்று சொல்ல வேண்டும். இமெர்ஷன் பிள்ளை ஆங்கிலத்தை மனதில் வைத்துக்கொண்டு 'ழ சுயி தீஸான்' என்று சொல்லும். நான் பத்து வருடமாக இருக்கிறேன் என்ற மாதிரி. கேட்கிற ரீச்சருக்கு விளங்கும். வகுப்பில் இருக்கிற எல்லாருக்கும் விளங்கும், ஏனென்றால் எல்லாரும் அதே பிழையைத்தான் விடுகிறார்கள். விளங்கினால் போதும்தானே என்று பாடம் நகர்ந்துவிடும். பாடம் விஞ்ஞானமாக இருக்கும்போது யார் வினைச்சொல்லைத் திருத்திக்கொண்டிருப்பது?

இதிலே எனக்கு மிகவும் பிடித்தது நீ, நீங்கள் விசயம். தமிழ் போலவே பிரெஞ்சிலும் இரண்டு உண்டு: 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். எங்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்பம்மாவை ஒருநாள் நீ என்று கூப்பிட்டுப் பார்த்தால் வாழ்நாள் முழுக்க மறக்காது. ஆனால் இமெர்ஷன் பிள்ளைகள் வருடக்கணக்காகப் படித்தபிறகும் முன்பின் தெரியாத பெரியவரைப் பார்த்து 'து' போடுகிறார்கள். காரணம் எளிது. வகுப்பில் ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் 'து' என்பார், பிள்ளைகள் தங்களுக்குள் 'து' என்பார்கள். ஒற்றை ஆளுக்கு மரியாதையாக 'வூ' சொல்வது அவர்கள் காதில் விழுவதே அபூர்வம். தண்ணீருக்குள் இறக்கினால் நீச்சல் தானாக வரும் என்ற நம்பிக்கையின் ஓட்டை இதுதான். தண்ணீரில் இல்லாதது வராது.

அப்படியானால் நல்ல ரீச்சர் என்ன செய்வார்? இதற்கு ரோய் லிஸ்ரர், லேலா ராண்டா இருவரும் 1997 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மொன்றியல் பகுதியில் நாலு இமெர்ஷன் வகுப்பறைகளில் 18 மணித்தியாலத்துக்கு மேல் பதிவுசெய்து, பிள்ளை பிழை விட்டால் ரீச்சர் என்ன செய்கிறார் என்று எண்ணினார்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை ரீச்சர் செய்தது, சரியான வடிவத்தைத் தானே திருப்பிச் சொல்லிவிட்டுப் போவது. 'ழ சுயி தீஸான்' என்று பிள்ளை சொன்னால், "ஓ, ழே தீஸான், நல்லது" என்று ரீச்சர் சொல்வார். பண்பானது, நேரம் வீணாகாது. ஆனால் அப்படித் திருத்தியபோது பிள்ளை அதைக் காதில் போட்டுக்கொண்டு ஏதாவது பதில் காட்டியது மூன்றில் ஒரு தடவைகூட இல்லை. ரீச்சர் தன்னைப் பாராட்டுகிறார் என்றுதான் பிள்ளை நினைக்கிறது! மாறாக, ரீச்சர் விடையைச் சொல்லாமல் "ழ...?" என்று நிறுத்திப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவைக்க முயன்றபோது ஒவ்வொரு தடவையும் பிள்ளை ஏதோ ஒரு பதில் சொன்னது.

லிஸ்ரர் இதோடு விடவில்லை. 2004 இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர்ச்சொற்களின் ஆண்பால் பெண்பால் படிப்பித்துப் பார்த்தார். மேசை பெண், புத்தகம் ஆண் என்று எல்லாரையும் அழவைக்கிற விசயம் அது. 'எத்' என்று முடிந்தால் பெண், 'ஆழ்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண் என்று சொல்லின் வாலைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். பிழை விட்டபோது பிள்ளையையே திருத்த வைத்த குழு, குறிப்பாக எழுத்தில், முன்னுக்கு நின்றது.

ஆக, இமெர்ஷனில் நல்ல படிப்பித்தலுக்கும் சுமாரான படிப்பித்தலுக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இப்படி ஒரு இரண்டு செக்கன் விசயத்தில் இருக்கிறது. ரீச்சர் தானே சொல்லிவிட்டாரா, நிறுத்திக் கேட்டாரா? இப்போது பிரெஞ்சு தெரியாத அதிபரை அந்த வகுப்பின் பின்வரிசையில் இருத்துங்கள். அவருக்கு என்ன தெரியும்? பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள். கை உயர்த்துகிறார்கள். ரீச்சர் சிரிக்கிறார். சுவரில் வடிவான படங்கள் இருக்கின்றன. பிழை விட்ட பிள்ளையும் சரியாகச் சொன்ன பிள்ளையும் அவருக்கு ஒன்றுதான். ஒன்ராறியோவில் அனுபவமுள்ள ஆசிரியரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மதிப்பிடுவது அதிபர் அல்லது உப அதிபரின் கடமை. ஆங்கிலக் கல்விச் சபைகளில் இமெர்ஷன் உள்ள பாடசாலைக்குப் பிரெஞ்சு தெரியாமலே அதிபராக வரலாம், வருகிறார்கள்.

தங்கச்சி ஒருநாள் சொன்ன கதை இது. தாழ்வாரத்தில் அதிபரைக் கண்டு பிரெஞ்சில் ஏதோ கேட்டிருக்கிறாள், 'து' போட்டு. "அவவுக்குக் கோவம் வரேல்லை அண்ணா, அவவுக்கு விளங்கவே இல்லை" என்றாள்.

அதற்காக அதிபர்கள் எல்லாருக்கும் பிரெஞ்சுப் பரீட்சை வைத்து விரட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முதலில் அது நடக்காது. படிப்பிக்கவே பிரெஞ்சு ரீச்சர் இல்லை. உத்தியோகபூர்வ மொழிகள் ஆணையாளர் அலுவலகம் 2019 இல் இந்தத் தட்டுப்பாட்டைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வே வெளியிட்டது. இருக்கிற நல்ல பிரெஞ்சு ரீச்சரைப் பிடித்து அதிபர் கதிரையில் இருத்தினால் வகுப்பு காலியாகும்.

எனக்குத் தோன்றுவது வேறு. மூன்றாம் வருடத்தில் கணக்காய்வு என்று ஒரு பாடம் படிக்கிறோம். கையிருப்பு எண்ணுகிற நாளில் கணக்காய்வாளர் களஞ்சியத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும். அது மருந்துக் கம்பனியாக இருந்தால் ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பரவாயில்லை. தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் எப்படிப் பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கையொப்பம் வைக்க வேண்டும். தெரியாது என்பது குற்றமல்ல. தெரியாமல், கேட்காமல் கையொப்பம் வைப்பதுதான் குற்றம்.

பாடசாலைத் தலைமை பற்றிய ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையே சொல்வதாக எனக்குப் படுகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ரொபின்சனும் கூட்டாளிகளும் 2008 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தலைமையின் எந்த வேலை பிள்ளைகளின் கல்வியை எவ்வளவு அசைக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஒழுங்கான சூழலைப் பேணுவது 0.27. இலக்கு வைப்பது 0.42. ஆசிரியர்கள் தொழில் கற்கும் இடத்தில் அதிபரும் போய்க் கூட இருந்து தானும் கற்பது 0.84. இந்தக் கடைசி எண் சில ஆய்வுகளை மட்டும் வைத்து வந்தது, ஆகவே அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடத் தேவையில்லை. ஆனால் திசை தெளிவு. அந்த வேலைக்குப் பிரெஞ்சு தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். தேவைப்படுவது நேரமும், "எனக்கு இது தெரியாது, காட்டுங்கள்" என்று ஆசிரியர்கள் முன்னால் சொல்லக்கூடிய மனமும்.

உதாரணமாக, தங்கச்சியின் பாடசாலையில் ஒரே வகுப்பைப் படிப்பிக்கிற இரண்டு பிரெஞ்சு ரீச்சர்மாருக்கும் ஒன்றாக ஓய்வு நேரம் இல்லை. நேரசூசி அப்படிப் போடப்பட்டிருக்கிறது. ஒருவர் வகுப்பை மற்றவர் போய்ப் பார்த்ததே இல்லையாம். அந்த நேரசூசியைப் போடுவது யார்? ரீச்சர் சுகமில்லாமல் நின்றால் வருகிற சப்ளை ரீச்சருக்குப் பிரெஞ்சு தெரியாது. அன்றைக்கு முழுநாளும் ஆங்கிலத்தில் படம் கீறுதல். 3800 மணித்தியாலத்தில் அது எந்தக் கணக்கில் வரும் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சண்டையாகிவிடும். காலை அறிவித்தல் ஆங்கிலம், ஆசிரியர் கூட்டம் ஆங்கிலம், நூலகத்தில் பிரெஞ்சுப் புத்தகம் ஒரு அலமாரி. ஆங்கிலப் பிரிவும் இமெர்ஷனும் ஒரே கட்டிடத்தில் இருக்கிற பாடசாலைகளில் இது சகஜம். வகுப்பறைக் கதவுக்கு வெளியே பிரெஞ்சு செத்துவிடுகிறது. இவற்றில் எதையும் சரிசெய்ய 'து'வும் 'வூ'வும் தெரிய வேண்டியதில்லை. கல்விச் சபையில் பிரெஞ்சுப் பாட ஆலோசகர் ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, "இப்போது என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பாடத்தைப் பார்ப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

இனி என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். படிப்பித்தலை மதிப்பிட முடியாத அதிபர், பிள்ளையை மட்டும் மதிப்பிடுகிறார். பிள்ளை தடுமாறினால், படிப்பித்தது எப்படி என்று பார்க்க அவருக்கு வழியில்லை. ஆகவே பிள்ளைக்கு இது ஒத்துவராது என்று முடிவாகிறது. ஆங்கிலப் பிரிவு பக்கத்து அறையிலேயே இருக்கிறது, மாற்றுவது எவ்வளவு சுகம்! இப்படி ஒவ்வொன்றாகத் தடுமாறுகிற பிள்ளைகள், வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகள், கவனக்குறைவுள்ள பிள்ளைகள் எல்லாம் வெளியேற, இமெர்ஷன் வகுப்பு கெட்டிக்காரர் வகுப்பாகவும் ஆங்கில வகுப்பு மிச்ச வகுப்பாகவும் ஆகிவிடுகிறது. நியூ பிரன்ஸ்விக்கில் இப்படி வசதியும் திறமையும் பார்த்துப் பிள்ளைகள் பிரிந்துபோவதை டக்ளஸ் வில்ம்ஸ் 2008 இல் எழுதிக் காட்டினார். அதே வருடம் அந்த மாகாண அரசு முதலாம் வகுப்பு இமெர்ஷனை நிறுத்தியது. பெற்றோர் போராடி, நீதிமன்றம் போய், கடைசியில் அது மூன்றாம் வகுப்பில் தொடங்கியது. 2017 இல் திரும்ப முதலாம் வகுப்புக்கு வந்தது. பிறகு இன்னொரு அரசு இமெர்ஷனையே எடுத்துவிட்டு எல்லாருக்கும் பாதி பாதி என்று திட்டம் போட்டு, 2023 ஜனவரியில் கூட்டங்களில் மக்களிடம் வாங்கிக்கட்டி, பெப்ரவரியில் கைவிட்டது.

பிரச்சினை இருப்பது உண்மை. ஆனால் கதவில் நிற்கிற ஆள் தேர்ந்து விடுகிறார் என்பதற்காக வீட்டையே இடிப்பதா? தடுமாறுகிற பிள்ளை ஆங்கிலப் பிரிவுக்குப் போனால் திடீரென்று பிரகாசிக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே? ஃபிரெட் ஜெனிசி போன்றவர்கள் பல வருடம் பார்த்துச் சொன்னது, கல்வியில் பின்தங்கிய பிள்ளைகள் இமெர்ஷனில் இருப்பதால் அவர்களுடைய ஆங்கிலமும் மற்றப் பாடங்களும் கூடுதலாகக் கெடவில்லை என்பதுதான். உதவி எங்கே இருந்தாலும் தேவை. ஒன்ராறியோ கல்வி அமைச்சு 2015 இலும் 2016 இலும் வெளியிட்ட வழிகாட்டிகள் இரண்டு, விசேட தேவையுள்ள பிள்ளைகளையும் ஆங்கிலம் புதிதாகக் கற்கிற பிள்ளைகளையும் பிரெஞ்சு வகுப்புகளில் சேர்த்துக்கொள்ளச் சொல்கின்றன. தாளில் எல்லாம் இருக்கிறது.

நியாயமாக எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். எங்கள் சமூகத்தில் எத்தனை பேர் பிரெஞ்சு மேல் உள்ள பாசத்தில் இமெர்ஷனில் சேர்க்கிறார்கள்? "அங்கைதான் நல்ல பிள்ளையள் படிக்குதுகள்" என்றுதான். சின்னம்மாவும் பக்கத்து வீட்டுக்காரி அப்படிச் சொல்லித்தான் சேர்த்தா. வடிகட்டுகிற இடம் என்று தெரிந்து அனுப்பிவிட்டு, எங்கள் பிள்ளை வடிகட்டப்படும்போது மட்டும் நியாயம் கேட்கிறோமோ என்று எனக்கே ஒரு உறுத்தல் இருக்கிறது. சின்னம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும், முதல் இவளைப் பாப்பம்" என்றா.

இரண்டாவது சந்திப்பு ஜனவரியில் நடந்தது. இந்த முறை நான் ஒரே ஒரு கேள்வியோடு போனேன். மாற்றுவதற்கு முன்னால், பிரெஞ்சு தெரிந்த ஒருவர் இவள் வாசிப்பதையும் கதைப்பதையும் கேட்டு, எங்கே தடுமாறுகிறாள் என்று எங்களுக்குச் சொல்ல முடியுமா? அதிபர் யோசித்தார். முதல்முறையாக வகுப்பு ரீச்சரைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். ரீச்சர், இந்த வருடம்தான் வேலைக்கு வந்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: வாசிப்பு வகுப்பின் நடுமட்டம், விளக்கம் நல்லது, வாயைத்தான் திறக்கமாட்டாள், பிழை விட்டுவிடுவேன் என்ற பயம். சின்னம்மா நான் மொழிபெயர்க்கும் முன்னமே தலையாட்டினா. வீட்டில் தமிழிலும் அவள் அப்படித்தான்.

கல்விச் சபையின் ஆலோசகரைக் கூப்பிடுவதாக அதிபர் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவர் வரும்போது தானும் வகுப்பில் இருப்பதாகச் சொன்னார். ஆலோசகர் இன்னும் வரவில்லை. தங்கச்சி இப்போதைக்கு இமெர்ஷனில்தான் இருக்கிறாள்.